ஏடறியாக் கடல்நூல்: தமிழர் கடலோட்ட அறிவும் ஒஸ்லோவின் கப்பலாய்வு மரபும்

முன்னுரை

தமிழர் கடலோட்டம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று சங்கப் பாடல்கள் காட்டும் நாவாயும் வங்கமும். மற்றொன்று 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது நடத்திய கடற்படையெடுப்பு. பெருமை சேர்க்கும் இவ்விரு செய்திகளுக்குமிடையே அடிப்படையான சில வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. மரத்தை எவ்வாறு பிணைத்தனர்? கரையில்லா வெளியில் இடத்தை எவ்வாறு அறிந்தனர்? துறைமுகமற்ற கரையில் அலையை எவ்வாறு கடந்தனர்? இவ்வறிவு யாரிடம் இருந்தது, எவ்வாறு கைமாறியது?

இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோ பயனுள்ள ஒப்பீட்டுக் களமாக அமைகிறது. 1925 வரை கிறித்தியானியா எனப் பெயர்பெற்றிருந்த இந்நகரம், எழுத்தில் பதியப்படாத கடலறிவை ஆய்வுப்பொருளாக்குவதில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பட்டறிவு உடையது. தமிழ்க் கடற்கரையோடு அதற்குள்ள நேரடித் தொடர்பும் சிறிதன்று. அத்தொடர்பின் சில கட்டங்களை எடுத்துக்கொண்டு, தமிழர் கடலியலுக்கு ஏற்ற ஆய்வுமுறை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஏட்டில் உள்ளதும் இல்லாததும்

தமிழில் கடற்கலங்களுக்குரிய சொற்கள் மிகுதி. நாவாய், வங்கம், கலம், அம்பி, திமில், தோணி, பஃறி எனப் பழைய இலக்கியங்கள் வேறுபடுத்திக் காட்டுகின்றன. சுமாத்திராவின் பாரூசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவோடு மரக்கல நாயன் என்னும் கப்பல் தலைவனையும் குறிப்பிடுகிறது. எனினும் கலம் எவ்வாறு கட்டப்பட்டது, எவ்வாறு செலுத்தப்பட்டது என்பதைப் பாடலும் கல்வெட்டும் விளக்குவதில்லை. அவற்றின் நோக்கம் அதுவன்று.

தொழில்நுட்பத்தை நேரடியாகக் கூறும் தமிழ் நூல்கள் அரியவை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வெளியீடாக 1950இல் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. மரத்தெரிவு, உறுப்புகளின் அளவு, நன்மை தீமை காட்டும் குறிகள் ஆகியவற்றை அது ஒருங்கே கூறுகிறது. புவியியலறிஞர் பா. அருணாசலம் இத்தகைய சுவடிகளையும் மாலுமிகளின் வழக்குகளையும் இணைத்துச் சோழர்கால வழிகாண் முறையை மீட்டுருவாக்க முயன்றார். அவருடைய ஆய்வு 2004இல் நூலாக வெளிவந்தது.

ஏட்டுக்கு வெளியே இருந்த அறிவின் தன்மையை 1850இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் உணர்த்துகின்றன. சோழமண்டலக் கரை மாலுமிகள் சிறு பலகையொன்றின் நடுவே கயிறு கோத்து, கயிற்றில் முடிச்சுகள் இட்டிருந்தனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறையைக் குறிக்கும். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தால், பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்திலும் மேல்விளிம்பு துருவ விண்மீனிலும் பொருந்தவேண்டும். பொருந்தினால் அத்துறையின் அகலாங்கை அடைந்துவிட்டதாகக் கொண்டு, அதே அகலாங்கில் கிழக்கிலோ மேற்கிலோ ஓடிக் கரை சேர்வர். கப்பலின் விரைவை அறிய முன்னணியத்தில் மரத்துண்டொன்றை நீரில் எறிவர். அது பின்னோக்கிச் செல்லும் வேகத்திலேயே ஒருவர் தளத்தில் நடந்து, தம் வழக்கமான நடையோடு அதனை ஒப்பிட்டு விரைவைக் கூறுவார்.

இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் விண்மீனின் உயரத்தை விரலால் அளந்தனர். ஒரு விரல் ஏறக்குறைய 1.6 பாகை. நாகப்பட்டினம் வடக்கே 10.8 பாகையிலும் சுமாத்திராவின் வடமுனை ஏறத்தாழ 5.5 பாகையிலும் அமைந்துள்ளன. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு மூன்று விரலுக்குச் சற்று மிகுதி. வங்கக் கடலின் குறுக்கே செல்லும் மாலுமி இச்சிறு வேறுபாட்டை ஆடும் தளத்தில் நின்று அளக்கவேண்டும். மேலும், 11ஆம் நூற்றாண்டில் இன்றைய துருவ விண்மீன் வானத் துருவத்திலிருந்து ஐந்து பாகைக்கும் மேலாக விலகியிருந்தது. எனவே அது வானில் எந்நிலையில் நிற்கும்போது அளக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். எழுதாத அறிவு எளிய அறிவாகத்தான் இருக்கும் என்னும் கருத்து இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

2. தரங்கம்பாடியிலிருந்து கிறித்தியானியாவுக்கு

நோர்வே 1814 வரை தென்மார்க்கு அரசோடு இணைந்திருந்தது. ஓவே யெட்டே தலைமையில் வந்த தென்மார்க்குக் கப்பற்குழு 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அங்கு நோர்வீசியரும் பணியாற்றினர். அவர்களுள் முதன்மையானவர் இன்றைய ஆல்டன் நகரில் 1744இல் பிறந்த பீட்டர் ஆங்கர். 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்த அவர், தாயகம் திரும்பிக் கிறித்தியானியாவின் புறத்தே வாழ்ந்து 1832இல் மறைந்தார். அவர் திரட்டிய தென்னிந்திய வரைபடங்களும் நீர்வண்ண ஓவியங்களும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. கோயில்களும் கட்டடங்களும் நிலக்காட்சிகளும் அவற்றில் இடம்பெறுகின்றன.

இத்தொகுப்பு நோர்வேயில் உள்ள தமிழியல் மூலங்களுள் தலையாயது. அதே வேளையில் அக்காலப் பார்வையின் எல்லையையும் அது காட்டுகிறது. தரங்கம்பாடிக்கு மூடிய துறைமுகம் கிடையாது. ஐரோப்பியக் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் பண்டமும் அலையைக் கடந்து கரை சேர்வதற்குக் கயிற்றால் தைத்த உள்ளூர்ப் படகுகளும் அவற்றைச் செலுத்திய கரையோர மக்களும் இன்றியமையாதவர்கள். ஆளுநர் முதல் அஞ்சற்பை வரை அனைத்தும் அவர்கள் கைவழியே வந்தன. கல்லால் ஆன கோயிலை அறிவின் சின்னமாகக் கண்ட கண்கள், தென்னங்கயிற்றால் ஆன படகை அவ்வாறு காணவில்லை. இக்குறை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் அறிவு வரலாறுகளும் நெடுங்காலம் அவ்வாறே எழுதப்பட்டன.

3. நெகிழும் கலம்

நோர்வேயில் கலத்தை அறிவின் சான்றாகக் காணும் மரபு அகழாய்வால் வலுப்பெற்றது. 1867இல் தூனே கப்பலும், 1880இல் சாண்டெஃபியூர் அருகே கோக்சுதாட் கப்பலும், 1904இல் ஊசெபெர்க் கப்பலும் புதைமேடுகளிலிருந்து வெளிவந்தன. மூன்றும் ஒஸ்லோவின் பிக்டோய் தீபகற்பத்தில் கட்டப்பட்ட வைக்கிங் கப்பலகத்தில் வைக்கப்பட்டன. ஊசெபெர்க் கப்பல் ஏறத்தாழ 820ஆம் ஆண்டிலும், 23 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கோக்சுதாட் கப்பல் 890ஆம் ஆண்டளவிலும் கட்டப்பட்டவை என்பதை மர வளையக் கணிப்பு நிறுவியுள்ளது.

கண்டெடுத்ததோடு நோர்வீசியர் நிற்கவில்லை. கோக்சுதாட்டின் மாதிரியில் ‘வைக்கிங்’ என்னும் கப்பலைக் கட்டி, மாகுனசு ஆண்டர்சன் தலைமையில் 1893இல் பெர்கனிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்தனர். நியூபவுண்ட்லாந்து சேர நான்கு வாரங்களே ஆயின. அப்பயணத்தில் வெளிப்பட்ட முதன்மையான உண்மை கலத்தின் நெகிழ்ச்சியாகும். அலையின் அழுத்தத்துக்கேற்ப உடல் வளைந்து கொடுத்தது. பக்க விளிம்பு தன் நேர்கோட்டிலிருந்து அரையடி அளவுக்கு விலகியும் நீர் புகவில்லை. கோக்சுதாட் கப்பலின் பலகைகள் ஒன்றோடொன்று இரும்பாணியால் இணைந்தவை. ஆயினும் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பலகைகள் குறுக்குச் சட்டங்களோடு ஆணியடிக்கப்படாமல் கட்டப்பட்டிருந்தன. நெகிழ்ச்சியின் காரணம் அதுவே.

சோழமண்டலக் கரையில் மசூலா என வழங்கிய படகு இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதில் ஆணியும் இல்லை, குறுக்குச் சட்டமும் இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இடையே நார் வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்தனர். அலையில் எழுந்து மணலில் மோதும்போது விறைப்பான கலம் பிளக்கும். தைத்த கலம் அதிர்வை உடல் முழுதும் பரப்பிவிடும். ஐரோப்பியப் பயணிகள் பலர் இதனை இரும்பறியாத மக்களின் ஏழ்மைக் கலமாகக் கருதினர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த சேம்சு கார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு, இக்கலங்களைத் தொழில்நுட்பத் தெரிவுகளாக நோக்கிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

4. ஐலர்ட் சுந்தின் கோட்பாடு

எழுத்தறியாத ஒருவர் நுட்பமான கலத்தை எவ்வாறு உருவாக்க முடியும்? இவ்வினாவைக் கிறித்தியானியாவில் முதலில் தெளிவாக எழுப்பியவர் ஐலர்ட் சுந்து (1817–1875). சமயப் பணியாளராகவும் சமூக ஆய்வாளராகவும் விளங்கிய அவர், வடநோர்வேயின் மீன்பிடிப் படகைப் பற்றி 1860களில் எழுதினார். டார்வினின் நூல் 1859இல் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

எந்தத் தச்சரும் ஒன்றுபோல் இரண்டு படகுகளைக் கட்டிவிட முடியாது. சிறு வேறுபாடுகள் தாமாகவே நேரும் என்பது அவர் வாதத்தின் முதற்படி. அவ்வேறுபாடுகளுள் எது நன்று என்பதைக் கடலில் செல்வோர் உணர்வர். அடுத்த படகு கட்டும்போது நன்றெனக் கண்டதை விரும்பிக் கேட்பர். இவ்வாறு தலைமுறைதோறும் தெரிவு நடந்து, எவரும் முழுமையாகத் திட்டமிடாத வடிவம் முழுமை பெறுகிறது. பிற்காலத்தில் நோர்வே மெய்யியலறிஞர் யூன் எல்சுடர் 1983இல் தொழில்நுட்ப மாற்றம் பற்றிய தம் நூலில் இவ்வாதத்தை உலக ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

கட்டுமரத்துக்கு இக்கோட்பாடு பொருத்தமான திறவுகோலாகும். ஆந்திரத்தின் வடகரையிலும் சோழமண்டலத்திலும் குமரிக் கரையிலும் கட்டுமரங்கள் ஒரே வடிவின அல்ல. மரங்களின் எண்ணிக்கை, முன்பகுதியின் வளைவு, கட்டும் முறை ஆகியவை அலையின் தன்மைக்கும் கடலடியின் சரிவுக்கும் பிடிக்கும் மீனுக்கும் ஏற்ப மாறுகின்றன. இவ்வேறுபாடுகளை வளர்ச்சிக் குறைவின் படிநிலைகளாக வரிசைப்படுத்தும் போக்கு தவறானது. ஒவ்வொரு கரையும் நெடுங்காலம் நடத்திய தேர்வின் முடிவு அது. ஆயினும் சுந்தின் கோட்பாட்டில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. தச்சருக்கும் கடலோடிக்கும் இடையிலான உரையாடல் அறுந்தால் தெரிவும் நின்றுவிடும். மீதமிருப்பது வடிவமே, அதனை ஆக்கிய அறிவன்று.

5. பல்சா மிதவையும் கட்டுமரமும்

ஒஸ்லோவின் கடலாய்வு உலகப் புகழ்பெற்றது தோர் எயர்தாலின் கோன்-திக்கி பயணத்தால். ஒன்பது பல்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையில் அறுவர் 1947 ஏப்பிரல் 28இல் பெருவின் கல்லாவோவிலிருந்து புறப்பட்டு, 101 நாள் கடந்து ஆகத்து 7இல் பொலினீசியாவின் இராரோயா பவளத்திட்டை அடைந்தனர். பொலினீசியரின் தோற்றம் பற்றி எயர்தால் கொண்ட கருத்தை ஆய்வுலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. மிதவை பற்றிய அவருடைய அடுத்த கட்ட ஆய்வோ நிலைத்த பயனுடையது.

கோன்-திக்கியில் மரங்களின் இடைவெளி வழியே சில பலகைகள் நீருக்குள் செங்குத்தாக இறக்கப்பட்டிருந்தன. பழைய பதிவுகளில் இருந்தமையால் அவற்றை வைத்தனரே தவிர, அவற்றின் முழுப் பயனைப் பயணத்தின்போது அவர்கள் அறிந்திலர். 1953இல் எக்குவதோர்க் கரையில் நடத்திய சோதனையில் அது விளங்கியது. முன்பலகையை இறக்கிப் பின்பலகையை உயர்த்தினால் மிதவை காற்றை நோக்கித் திரும்பும். மாற்றிச் செய்தால் காற்றிலிருந்து விலகும். காற்றோடு மிதந்து செல்ல மட்டுமே வல்லதெனக் கருதப்பட்ட மிதவை, காற்றை எதிர்த்துக் குறுக்கோட்டமாகவும் செல்லவல்லது என்பது உறுதியாயிற்று.

தமிழ்க் கரையில் இவ்வுத்தி புதுமையானதன்று. பாய்விரித்த கட்டுமரத்தில் மரங்களின் இடையே பலகையை நீருள் இறக்கி, பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படாமல் காத்தனர். தென்னமெரிக்க மிதவைக்கும் ஆசியக் கடற்கலங்களுக்கும் உள்ள இவ்வொற்றுமையைக் கார்னெல் 1930களிலேயே ஆராய்ந்தார். இதனைக் கொண்டு இரு கரைகளுக்கிடையே தொடர்பு இருந்ததென முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரே சிக்கல் ஒத்த தீர்வைத் தருதல் இயல்பு. இங்குக் கருதவேண்டியது வேறு. எயர்தால் தம் மிதவையில் சென்றபோது, அப்பலகையின் பயனை நாள்தோறும் கையாண்ட மீனவர் பல்லாயிரவர் தமிழ்க் கரையில் இருந்தனர். அவர்களிடம் கேட்பதற்கு ஆய்வுலகில் வழி இருக்கவில்லை. நூலில் இல்லாததைச் சோதனையால் கண்டறியவேண்டியதாயிற்று.

6. நீண்டகரைத் திட்டமும் அதன் பாடமும்

அறிவு அறியப்படாமற் போவதால் நேரும் இழப்பு ஆய்வுக்கு மட்டும் உரியதன்று. நோர்வே நாடாளுமன்றம் 1952இல் உருவாக்கிய உதவி நிதியம் தன் முதற்பணியாக இந்திய மீன்பிடித்துறையைத் தேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 17இல் இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்தன. கொல்லத்தை அடுத்த சக்திகுளங்கரை, நீண்டகரைச் சிற்றூர்களில் 1953இல் பணி தொடங்கிற்று. மீனவர் வருவாயை உயர்த்துதல், நல்ல மீனை மக்களுக்கு வழங்குதல், ஊர்நலம் பேணுதல் ஆகியன நோக்கங்கள். உள்ளூர்க் கலங்களிலேயே பொறி பொருத்தும் எண்ணம் கைகூடாமையால் புதிய படகுகள் வடிவமைக்கப்பட்டன. 1960களில் திட்டம் கொச்சி, மண்டபம் முதலிய இடங்களுக்கும் விரிந்து, 1972இல் இந்திய அரசின் பொறுப்புக்கு வந்தது.

மருத்துவம், குடிநீர், பனிக்கட்டி, பயிற்சி ஆகியவற்றில் திட்டம் விளைத்த நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. மீன்பிடியைப் பொறுத்தவரை போக்கு மாறியது. உறைய வைத்த இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தவுடன் பொறிப்படகு கடலடியை வாரும் இழுவலைக்குத் திரும்பிற்று. திட்டமிட்டோர் முதலில் கருதிய பயன் அதுவன்று. ஒஸ்லோவின் மானிடவியலறிஞர் ஆர்னே மார்ட்டின் கிளவுசன் 1968இல் வெளியிட்ட ஆய்வு, ஊரின் சமூக அமைப்பையும் தொழில்முறையையும் போதிய அளவு அறியாமலே தொழில்நுட்பம் புகுத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. பொருளியலறிஞர் சான் குரியன் 1985இல் அதன் நெடுங்கால விளைவுகளை விரிவாக ஆராய்ந்தார். நோர்வேயோ தன் கரையில் இழுவலைக் கப்பல்களை 1930களின் சட்டங்களாலேயே கட்டுப்படுத்தி, சிறுபடகு மீனவரைக் காத்த நாடு. தன் நாட்டில் கண்ட பாடம் பொறியோடு சேர்ந்து கடல் கடக்கவில்லை.

தமிழகத்திலும் 1970களில் இழுவலைப் படகினருக்கும் கட்டுமர மீனவருக்கும் மோதல் முற்றியது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோர மூன்று கடல்மைல் பரப்பைப் பொறியில்லாக் கலங்களுக்கு ஒதுக்கியது. பாக்குநீரிணையில் அம்மோதல் இரு நாட்டுத் தமிழ் மீனவர்க்கிடையே இன்றும் தொடர்கிறது. இலங்கை 2017இல் இழுவலையைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலடியில் பார் எங்குள்ளது, மீன் எங்கு முட்டையிடும், எந்நீரோட்டத்தில் எவ்வலை இடலாம் என்னும் மரபறிவு திட்டமிடுவோர் மேசைக்கு வராமற்போனதன் விலையில் ஒரு பங்கு இது.

7. வல்வெட்டித்துறையும் காரைநகரும்

ஈழத்துக் கரை இதற்கு மாறான சான்றுகளையும் தருகிறது. வல்வெட்டித்துறையில் உள்ளூர்க் கைவினைஞர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, தமிழ் மாலுமிகளோடு கடல்கள் கடந்து 1938 ஆகத்தில் மாசச்சூசெட்சு மாநிலத்தின் கிளவுசெசுடர் துறையை அடைந்தது. பழைய வடிவத்தில் கட்டிய ‘வைக்கிங்’ கப்பல் ஒரு மீட்டுருவாக்கம்; அன்னபூரணியோ வாழும் மரபின் கலம். நோர்வே தன் கப்பலின் பயணத்தைத் தேசிய நினைவாக்கியது. அன்னபூரணியைக் கட்டியோரின் அளவுமுறைகளும் சொற்களும் உரிய காலத்தில் பதிவாகவில்லை.

குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் 1956இல் நோர்வே சென்று, நோர்வே நண்பர்களின் துணையோடு 1967இல் சீ-நோர் அமைப்பை உருவாக்கினார். காரைநகரில் அமைந்த அதன் படகுத்துறையில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. கரையை அறிந்த ஒருவர் வழியே தொழில்நுட்பம் வந்தமை இம்முயற்சியின் சிறப்பு. நீண்டகரைத் திட்டம் அரசுகளுக்கிடையே தோன்றியது. இது கரையிலிருந்து தோன்றியது. போர் அதனை முடக்கியமையால் அதன் முழுப் பயனை அளவிட இயலாமற் போயிற்று.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து தமிழர் கடலியல் ஆய்வுக்கு மூன்று பணிகள் தெளிவாகின்றன.

முதலாவது, சொற்பதிவு. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்னும் காற்றுப் பெயர்களும், நீவாடு முதலிய நீரோட்டச் சொற்களும், கலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஊர்தோறும் வழங்கும் பெயர்களும் பொருள் விளக்கத்தோடும் பயன்படும் சூழலோடும் தொகுக்கப்படவேண்டும். ஒரே காற்றுப் பெயர் இரு கரைகளில் வெவ்வேறு திசையைக் குறிக்கக்கூடும், அவ்வேறுபாடே அறிவாகும்.

இரண்டாவது, கலப்பதிவு. நோர்வே உள்ளிட்ட ஐந்து வடபுல நாடுகள் இணைந்து முன்வைத்த அடுக்குப்பலகைப் படகு மரபை யுனெசுகோ 2021இல் மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுச் செல்வமாக ஏற்றது. கப்பலை மட்டுமன்றி அதனைக் கட்டும் கையையும் காக்கவேண்டும் என்பதற்கு அது அடையாளம். தைத்த கலத்தை மீண்டும் கட்டும் முயற்சிகள் இந்தியாவிலும் தொடங்கியுள்ளன. 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா அதற்குச் சான்று. அதன் மாதிரியைச் சோதித்ததில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்குண்டு. தமிழ்க் கரையின் மசூலாவும் கட்டுமரமும் அதே கவனத்துக்குரியவை.

மூன்றாவதும் கடினமானதும், உடனாய்வு. மீனவரைத் தகவல் தருவோராகக் கருதாது உடனாய்வாளராக ஏற்கும் முறை பல்கலைக்கழகங்களில் வேரூன்றவேண்டும். சோ டி குரூசின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வெளிவந்தபின் நெய்தல் மக்கள் தம் அறிவைத் தாமே எழுதும் போக்கு வலுப்பெற்றுள்ளது. வறீதையா கான்சுதந்தின் முதலியோரின் எழுத்துகள் ஆய்வுக்கு வாயில் திறந்துள்ளன.

இப்பணிகளுக்குரிய காலம் குறுகியது. மரக்கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு 1980கள் தொட்டுப் பிடித்துவந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகள் அம்மாற்றத்தை விரைவுபடுத்தின. பாயும் துடுப்பும் கொண்டு ஆழ்கடல் சென்ற தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கோக்சுதாட் கப்பல் ஆயிரம் ஆண்டு களிமண்ணில் காத்திருந்து பின் ஆய்வாளர் கைக்கு வந்தது. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலர்த்தப்படுவது; மட்கும் மரமும் மறையும் மனிதரும் அவ்வாறு காத்திருக்க மாட்டார்கள்.